பெருமுக்கல்: மலைக்கோயிலும் மலைக்கோட்டையும் – ஓர் ஊர் வரலாற்றின் மூன்று பெயர்கள்

ஆய்வுச் சுருக்கம்

விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையை ஒட்டித் தனித்து எழும் பெருமுக்கல் மலை, பாறைக் கீறல்கள், சிவன் கோயில், கோட்டை என மூவகை எச்சங்களைத் தாங்கி நிற்கிறது. ஆங்கிலேயரின் போர் வரலாறுகளில் இம்மலை ‘பெர்மாகோயில்’ என்னும் பெயரில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளே (1760–1791) இடம்பெறுகிறது. பின்வந்த மாவட்ட நூல்கள் அந்த முப்பது ஆண்டுகளையே ஊரின் வரலாறாக முன்னிறுத்தின. ஓர் ஊரும் அதன் வழிபாட்டிடமும் சேர்ந்தே வரலாறாக எழுதப்பட்ட ஸ்காட்லாந்துத் திருச்சபைப் பங்குகளோடு ஒப்பிட்டு, பெருமுக்கல்லின் வரலாற்றைக் கோயிலிலிருந்து தொடங்கி எழுத வேண்டிய தேவையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: பெருமுக்கல், ஒய்மாநாடு, முக்யாசலேசுவரர், கர்நாடகப் போர்கள், ஊர் வரலாறு, திருச்சபைப் பங்கு

முன்னுரை

ஓர் ஊருக்கு மூன்று பெயர்கள் வழங்குமாயின், அவ்வூரைப் பற்றிப் பேசியோர் மூவகையினர் எனக் கொள்ளலாம். மக்கள் வழக்கில் ‘பெருமுக்கல்’. மலைமேல் உறையும் இறைவன் பெயரில் ‘முக்யாசலம்’. ஆங்கிலேயரின் படைக் குறிப்புகளில் ‘பெர்மாகோயில்’. இவற்றுள் முதற்பெயர் தமிழ்ப் பெயர் என்பதில் ஐயமில்லை. இரண்டாவது பெயர் அத்தமிழ்ப் பெயரின் ஒலியையும் பொருளையும் ஒருங்கே ஏற்று அமைக்கப்பட்டதாகத் தோன்றுகிறது. ‘முக்’ என்னும் ஒலி ‘முக்ய’ ஆயிற்று. ‘கல்’ என்பதன் பொருள் ‘அசலம்’ ஆயிற்று. திருமுதுகுன்றம் விருத்தாசலம் ஆனதை அறிந்தோர்க்கு இம்முறை புதிதன்று. மூன்றாவது பெயர் அயலார் செவியில் விழுந்த ஒலியின் திரிபு. அதில் ‘கோயில்’ என்னும் சொல் இருப்பதுபோல் தோன்றுவது வெறும் தற்செயல். ஆயினும் அத்தற்செயலில் ஒரு முரண் அடங்கியுள்ளது. பெயரில் கோயிலைப் பொதிந்து எழுதியோரே அம்மலையில் கோட்டையை மட்டும் கண்டனர்.

ஸ்காட்லாந்துப் பங்குகள் – ஓர் ஒப்பீடு

சர் ஜான் சின்க்ளேர் 1790ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் திருச்சபைப் பங்குகள் அனைத்தின் போதகர்களுக்கும் 160க்கும் மேற்பட்ட வினாக்களைக் கொண்ட தாளை அனுப்பினார். மண்வளம், விளைச்சல், மக்கள்தொகை, கூலி, பள்ளி, ஏழைகளின் நிலை, தொல்லெச்சங்கள், கோயில் கட்டடத்தின் வயது என எல்லாமே அவ்வினாக்களில் அடங்கின. விடைகள் 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக வெளிவந்தன; 938 பங்குகளின் விவரங்கள் அவற்றில் உள்ளன. அந்நாட்டில் ‘பங்கு’ என்பது வழிபாட்டுக்கு மட்டும் உரிய வட்டமன்று. ஏழைகளுக்கு உதவி வழங்குவதும் ஒழுக்க வழக்குகளை விசாரிப்பதும் பங்கின் மூப்பர் அவையின் பணிகள். கோயிலையும் போதகர் இல்லத்தையும் பள்ளியையும் பேணும் கடமை நிலவுடைமையாளர்களுடையது. ஆகவே ஒரு சிற்றூர்க் கோயிலின் வரலாற்றை எழுதினால் அவ்வூரின் நிலமும் கூலியும் பஞ்சமும் தாமாகவே உள்ளே வந்துவிடும். 1843இல் திருச்சபை பிளவுண்டபோது பல பங்குகளில் பழைய கோயிலுக்கு எதிரே சுதந்திரத் திருச்சபையின் புதிய கோயில் எழுந்தது. அப்பிளவும் ஊர் வரலாறாகவே எழுதப்பட்டது.

முதல் தொகுதி அச்சேறிய 1791ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் திப்பு சுல்தானின் படை பெருமுக்கல் கோட்டையைக் கைப்பற்றியது. ஓரிடத்தில் போதகர்கள் தம் ஊரின் பார்லி விளைச்சலைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், மற்றோரிடத்தில் ஊர் என்பது படை தங்குமிடமாகவும் தீவனம் கிடைக்குமிடமாகவும் மட்டுமே பதிவாயிற்று. வேறுபாடு ஊர்களின் இயல்பில் இல்லை. எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்பதில் உள்ளது. தமிழகத்தின் ஏடுகளையும் கல்வெட்டுகளையும் பெருமளவில் திரட்டிய காலின் மெக்கன்சியும் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவைச் சேர்ந்த ஸ்டோர்னவே என்னும் ஊரில் பிறந்தவரே. ஊர்தோறும் கைபீதுகளைக் கேட்டு எழுதுவித்த அவருடைய முயற்சி, சின்க்ளேரின் முயற்சிக்கு மிக நெருங்கியது. ஆனால் அது தமிழ்ப்பகுதியின் எல்லா ஊர்களையும் தழுவவில்லை.

ஒய்மாநாட்டில் ஒரு மலை

பெருமுக்கல் அமைந்த பகுதி சங்ககாலம் தொட்டு ஒய்மாநாடு எனப்பட்டது. சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனான நல்லியக்கோடன் இந்நாட்டை ஆண்டவன். அந்நூல் கூறும் கிடங்கில் இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதி. எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு பொருத்திக் காண்பது ஆய்வாளர் பலருக்கும் உடன்பாடு. இவ்விரு இடங்களுக்கும் இடைப்பட்ட வழியில் பெருமுக்கல் மலை நிற்கிறது. நெய்தல் நிலத்தின் உப்பும் மீனும் உள்நாட்டுக்குச் செல்லவும், உள்நாட்டின் நெல் கடற்கரைக்கு வரவும் இவ்வழி பயன்பட்டிருக்க வேண்டும். மரக்காணத்தில் உப்பளத் தொழில் இன்றும் நடைபெறுகிறது. சமவெளியில் தனித்து உயர்ந்து நிற்கும் குன்று, வழிச்செல்வோருக்கு அடையாளமாகவும் காவலுக்கு ஏற்றதாகவும் இருந்தது. அதன் சமய வாழ்வுக்கும் போர் வாழ்வுக்கும் இந்த அமைவிடமே காரணம்.

சோழர் ஆட்சியில் ஒய்மாநாடு சயங்கொண்ட சோழ மண்டலத்துள் அடங்கி, விசயராசேந்திர வளநாடு என்னும் பெயரையும் பெற்றது. அரச மரபுகள் மாறியபோதும் ‘ஒய்மாநாடு’ என்னும் பழம்பெயர் கல்வெட்டுகளில் விடாது தொடர்வது குறிப்பிடத்தக்கது. புதுப்பெயர் அரசனுடையது, பழம்பெயர் நாட்டாருடையது.

குகையும் கோயிலும்

மலையில் உள்ள குகையொன்றை மக்கள் சீதையோடு தொடர்புபடுத்துகின்றனர். வான்மீகி முனிவர் இங்குத் தங்கினார் என்பதும், சீதை தன் மக்களை இங்கு ஈன்றாள் என்பதும் ஊர் வழக்கு. அக்குகையின் பாறைப்பரப்பில் கல்லைக் கீறியும் கொத்தியும் உருவாக்கிய வடிவங்கள் காணப்படுகின்றன. இதே மாவட்டத்தின் கீழ்வாலையில் உள்ளவை செங்காவி கொண்டு தீட்டிய ஓவியங்கள். பெருமுக்கல்லில் உள்ளவை கீறல்கள். ஒரே வட்டாரத்தில் இரு நுட்பங்கள் நிலவியமை தனி ஆய்வுக்கு உரியது. இத்தகைய வடிவங்களைச் சிந்துவெளிக் குறிகளோடு ஒப்பிடும் முயற்சிகளும் நடந்துள்ளன. வடிவ ஒற்றுமை ஒன்றையே சான்றாகக் கொண்டு காலத்தையும் உறவையும் வரையறுப்பது பொருத்தமன்று. எளிய கோட்டுருவங்கள் தொடர்பற்ற பண்பாடுகளிலும் ஒன்றுபோலத் தோன்றுதல் இயல்பு.

இக்கீறல்களைச் செய்தோருக்கும் பின்னர் மலைமேல் இலிங்கத்தை நிறுவியோருக்கும் இடையே நேரடித் தொடர்ச்சி இருந்ததெனக் கூற இயலாது. ஆயினும் முன்னரே சிறப்புற்றிருந்த இடத்தின்மீது புதிய வழிபாடு வந்து அமர்வதும், பழைய குறிகளுக்குப் புதிய கதை கூறப்படுவதும் பல நாடுகளிலும் காணும் நிகழ்வு. கிறித்துவத்துக்கு முற்பட்ட நடுகற்களை ஒட்டி எழுந்த கோயில்கள் ஸ்காட்லாந்திலும் உண்டு. சீதையின் கதை, படிக்க முடியாத கீறல்களுக்கு மக்கள் அளித்த வாசிப்பு எனலாம். அவ்வாசிப்பு பிழையா சரியா என்பதைவிட, அக்கதை குகையைப் பேண உதவியது என்பதே வரலாற்றாசிரியனுக்குப் பயன்தரும் செய்தி. புனிதமெனக் கருதப்பட்ட பாறையை எவரும் எளிதில் உடைப்பதில்லை.

மலைமேல் உள்ள முக்யாசலேசுவரர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள், பிற்காலச் சோழர் காலத்தில் இக்கோயில் நன்கு நிலைபெற்ற நிறுவனமாக இருந்ததை உணர்த்துகின்றன. மலையுச்சிக் கோயில் என்பது செலவு மிக்க ஏற்பாடு. நாள்தோறும் நீர், நெய், அமுதுபடி ஆகியவை அடிவாரத்திலிருந்து மேலே செல்ல வேண்டும். கல்லுக்குக் குறைவில்லை, ஆள்வலிமையே தேவை. கீழேயுள்ள ஊரும் வயலும் தொடர்ந்து உழைத்தாலன்றி மேலே விளக்கு எரியாது.

கோயிலை மையமிட்ட ஊர்

சோழர் காலக் கொடைக் கல்வெட்டுகளின் பொது அமைப்பு ஆய்வாளர் அறிந்ததே. ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் அளிப்பது பரவலான வழக்கம். அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. ஆடுகளைப் பெற்ற மன்றாடி நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டான். ஆடு சாகும், மூக்கும், எனினும் கணக்கில் எண்ணிக்கை குறையாது. உயிருள்ள மந்தையை அழியாத முதலாக மாற்றிய இந்தச் சட்டக் கற்பனை, இன்றைய வைப்புநிதிக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. தேவதான நிலம், இறையிலி, பொன்னை வட்டிக்கு விடுதல் ஆகிய ஏற்பாடுகளும் இவ்வாறே ஊரின் பொருளியலைக் கோயிலோடு பிணைத்தன. நிலம் விற்றவர், வாங்கியவர், எல்லை காட்டியவர், சான்றாகக் கையெழுத்திட்டவர் ஆகியோரின் பெயர்கள் கோயிற் சுவரில்தான் கிடைக்கின்றன.

ஸ்காட்லாந்துப் பங்கின் மூப்பர் அவைக் குறிப்பேடுகள் தாளில் எழுதப்பட்டவை. ஒய்மாநாட்டுக் குறிப்பேடு கல்லில் வெட்டப்பட்டது. இரண்டுக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. மூப்பர் அவையின் குறிப்பேடு ஏழையின் பெயரையும் தவறிழைத்தோரின் பெயரையும் பதிவு செய்தது. கல்வெட்டோ கொடுத்தவரையும் உரிமை பெற்றவரையும் பதிவு செய்தது. கொடுக்க ஏதுமற்றவர் கல்லில் ஏறுவது அரிது.

சோழப் பேரரசு தளர்ந்தபின் சேந்தமங்கலத்துக் காடவராயனாகிய கோப்பெருஞ்சிங்கன், படைவீட்டுச் சம்புவராயர், 14ஆம் நூற்றாண்டில் குமார கம்பணனின் படையெடுப்பைத் தொடர்ந்து விசயநகரத்தார், அதன்பின் செஞ்சி நாயக்கர் என இப்பகுதியின் மேலாண்மை கைமாறியது. 1677இல் செஞ்சி சிவாஜியின் வசமாயிற்று. 1698இல் முகலாயத் தளபதி சுல்பிகர் கானிடம் வீழ்ந்தது. பின்னர் ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சி. இவ்வளவு மாற்றங்களுக்கும் இடையே ஊர்க்கோயில் என்னும் அமைப்பு குலையாது நின்றது. ஒவ்வொரு புதிய அரசும் பழைய கொடைகளை உறுதி செய்வதையே தன் உரிமைக்குச் சான்றாகக் கருதியதால், கோயிலைக் கலைப்பது எவருக்கும் ஆதாயமாக இருக்கவில்லை.

பெர்மாகோயில் – போரின் முப்பது ஆண்டுகள்

18ஆம் நூற்றாண்டில் நிலை மாறியது. பீரங்கிப் போரில் உயர்ந்த மதிலும் நீர்நிலையும் உள்ள இடம் எதுவாயினும் அது கோட்டைதான். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் திருவண்ணாமலை, சிதம்பரம், திருவரங்கம் ஆகிய பெருங்கோயில்களைப் படைத்தளமாகக் கொண்டதை ராபர்ட் ஓர்ம் தம் படை வரலாற்றில் விரிவாக எழுதியுள்ளார். 1781 சூனில் சர் அயர் கூட் சிதம்பரம் கோயிலின்மேல் நடத்திய தாக்குதல் தோல்வியுற்றது. கோயில் மதிலின் வலிமைக்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. பெருமுக்கல்லிலோ கோயிலும் அரணும் ஒரே மலையில் அமைந்தன.

1760 சனவரி 22இல் வந்தவாசிப் போரில் லாலி தோற்றார். அதன்பின் கூட் நேரே புதுச்சேரியின்மேல் பாயவில்லை. ஆர்க்காடு முதலாகச் சுற்றியுள்ள அரண்களை ஒவ்வொன்றாக எடுத்தார். அவ்வரிசையில் பெருமுக்கல்லும் அவ்வாண்டின் முற்பகுதியில் வீழ்ந்தது. கடற்கரையில் ஆலம்பரையும் வீழ்ந்தது. இவ்விரண்டும் கைமாறியதும் புதுச்சேரிக்கு வடக்கிலிருந்து தானியம் வரும் வழி அடைபட்டது. 1761 சனவரியில் புதுச்சேரி சரணடைந்ததற்குப் பட்டினியே முதற்காரணம். பெருமுக்கல் கைப்பற்றப்பட்டதைச் சிறு மோதலாகக் கருதி ஒரு வரியில் கடப்போர் இத்தொடர்பைக் காணத் தவறுகின்றனர். அங்கே நடந்தது மலையைப் பிடிக்கும் போரன்று. வயலைப் பிடிக்கும் போர்.

இருபது ஆண்டுகள் கழித்து ஐதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் நுழைந்தபோது வந்தவாசியும் பெருமுக்கல்லும் முற்றுகைக்கு உள்ளாயின. 1781 சனவரியில் கூட் படையுடன் வந்ததால் அம்முற்றுகைகள் விலகின. மறு ஆண்டு ஏப்ரலில் கடலூர் பிரெஞ்சுக்காரர் வசமானது. மே மாதத்தில் பிரெஞ்சுப் படையின் துணையோடு ஐதர் பெருமுக்கல்லைப் பெற்றார். 1791இன் தொடக்கத்தில் திருவண்ணாமலை வழியாக வந்த திப்பு இதனை மீண்டும் கைப்பற்றி, புதுச்சேரிக்கு அருகே தங்கிப் பிரெஞ்சு உதவியை நாடினார். காரன்வாலிஸ் பெங்களூரை நோக்கி நகர்ந்ததும் திப்பு திரும்பிச் சென்றார். அத்துடன் பெர்மாகோயில் என்னும் பெயர் போர் வரலாற்றிலிருந்து மறைகிறது.

இம்முப்பது ஆண்டுகளில் ஊர் என்ன ஆயிற்று? படைக் குறிப்புகள் இதைச் சொல்வதற்காக எழுதப்பட்டவையல்ல. 1780 முதல் ஐதரின் குதிரைப்படை பயிரை அழித்ததும், ஏரிகள் உடைந்ததும், மக்கள் சென்னையை நோக்கி ஓடியதும் பொதுவாக அறியப்பட்டவை. அக்காலப் பஞ்சத்தில் சென்னையில் ஏழைகளுக்காக 1782இல் தொடங்கிய கஞ்சித்தொட்டியே பின்னர் மணியக்காரர் சத்திரமாக வளர்ந்தது. ஒருவர் படை மாறி மற்றவர் படை நுழைந்த ஒவ்வொரு முறையும் அடிவாரத்து நெல்லே முதலில் எடுக்கப்பட்டிருக்கும். விளக்குக்கு நெய் அளக்க வேண்டிய மந்தை படைக்கு உணவாயின், ‘சாவா மூவா’ என்னும் சொல் பொருளிழக்கும். மலைக்கோயிலின் சீர்குலைவுக்கு இறைமறுப்போ பகையோ காரணமென்று தேடுவதைவிட, அதனைத் தாங்கிய பொருளியல் கட்டமைப்பு இக்காலத்தில் முறிந்தது எனக் கொள்வதே பொருந்தும்.

கையேடுகள் காட்டும் ஊர்

1801இல் தென்னார்க்காடு முழுமையாகக் கம்பெனி ஆட்சிக்குள் வந்தது. 1878இல் கார்ஸ்டின் எழுதிய மாவட்டக் கையேடும், 1906இல் பிரான்சிஸ் தொகுத்த விவரச்சுவடியும் இப்பகுதிக்கு இன்றும் முதன்மையான நோக்கீட்டு நூல்கள். அவற்றின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட இயலாது. ஆயினும் பெருமுக்கல்லைப் பொறுத்தவரை அவை ஓர்மின் வழியையே பின்பற்றி, முற்றுகைகளை வரிசைப்படுத்துகின்றன. அந்நூல்களை வைத்து எழுதப்பட்ட தமிழ்த் தலவரலாறுகளும் சுற்றுலாக் குறிப்புகளும் சீதையின் கதையிலிருந்து ஒரே தாவலில் ஐதர் அலிக்கு வந்துவிடுகின்றன. இடையிலுள்ள நூற்றாண்டுகள் கல்லில் இருந்தும் ஏட்டில் ஏறவில்லை.

இவ்விடைவெளியை நிரப்ப உதவும் மற்றொரு சான்று 1858இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையத்தின் பதிவேடுகள். கோயிலுக்கு உரிய மானிய நிலம் எவ்வளவு, எச்சான்றின்பேரில் அனுபவிக்கப்படுகிறது, எவர் பெயரில் உள்ளது என்பனவற்றை அவை ஊர்வாரியாகக் கூறுகின்றன. சோழர் காலத் தேவதானத்தின் எல்லைகளையும் இனாம் பதிவேட்டின் நில எண்களையும் அருகருகே வைத்துப் படிக்கும் முறையை ஒய்மாநாட்டு ஊர்கள் அனைத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம். போரில் எது கைவிட்டுப் போயிற்று, எது மீண்டது என்பதை வேறெந்த ஆவணமும் இவ்வளவு துல்லியமாகக் காட்டாது.

கல்லில் இடம்பெறாதோர்

நிலத்தின் எல்லையைச் சொல்லும் சோழர் கல்வெட்டுகளில் ‘பறைச்சேரி’ என்னும் சொல் வருவதுண்டு. அங்கு வாழ்ந்தோர் ஓர் எல்லைக்குறியாக மட்டுமே பதிவாயினர். மலைமேல் கல் சுமந்தோரும் வயலில் இறங்கியோரும் அவர்களாகவே இருக்க வாய்ப்பு மிகுதி. அவர்களுடைய பெயர்களைத் தேடுவோர் வேறு ஆவணங்களை நாட வேண்டும். 1776 முதல் பிரெஞ்சு மறைபரப்பு மன்றத்தாரின் பொறுப்பில் இருந்த புதுச்சேரி மறைப்பணித் தளத்தின் ஞானத்தானப் பதிவேடுகளும், 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆர்க்காட்டு மிஷனின் அறிக்கைகளும் இவ்வகையில் பயன்படுவன. சிற்றூர்ச் சபைகளின் வரலாறு இங்குச் சாதி வரலாற்றோடும் நில வரலாற்றோடும் பிரிக்க முடியாதபடி கலந்துள்ளது.

ஸ்காட்லாந்து நேரடியாக இவ்வரலாற்றில் நுழைவதும் இந்த இடத்தில்தான். செங்கல்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ, பறையர் மக்களுக்கு நிலம் கிடைக்க வேண்டுமெனத் தொடர்ந்து வாதாடினார். அம்மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரெமன்கீர் 1891இல் அளித்த அறிக்கையும், அதன்மேல் 1892 செப்டம்பர் 30இல் பிறந்த அரசாணையும் பின்னாளில் ‘பஞ்சமி நிலம்’ எனப்பட்ட ஒதுக்கீட்டுக்கு அடிப்படையாயின. தம் நாட்டில் பங்கின் ஏழைகளுக்குப் பொறுப்பேற்பதைத் திருச்சபையின் கடமையாக அறிந்த ஒருவர், இங்கே வழிபாட்டிடத்தைக் கட்டுவதோடு அமையாமல் நிலத்தைப் பற்றிப் பேசியது வியப்பன்று. ஆனால் அவ்வறிக்கை காட்டிய செங்கல்பட்டின் குடிசை மனைகளுக்கும் திண்டிவனம் வட்டத்தின் சேரிகளுக்கும் நிலைமையில் பெரிய வேறுபாடு இருந்ததாகக் கொள்ள இடமில்லை.

மலை எனும் ஆவணம்

திண்டிவனம், வானூர் வட்டாரங்களின் கருங்கல் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் கட்டுமானச் சல்லியாகச் செல்கிறது. பெருமுக்கல் வட்டாரத்திலும் குவாரிகள் உள்ளன. நடுவண் அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என 1992இல் வரையறுக்கப்பட்டது. தமிழகத்தின் சிற்றூர்க் கோயில்களில் மிகப் பெரும்பாலானவை அப்பட்டியலில் இல்லை. கோயிற் கட்டடத்தை மட்டும் அளந்து பாதுகாப்பு வட்டம் போடும் முறை, குகையும் கோயிலும் கோட்டையும் நீர்நிலையும் சேர்ந்து ஒரே ஆவணமாக அமைந்த மலைக்கு ஏற்றதன்று. குகைக் கீறல்கள் கோயிற் சுவரில் இல்லை. கோட்டைச் சுவரின் கல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பாறைச் சரிவின் உளித்தடங்களே கூறும். சரிவு போனால் அச்சான்றும் போகும்.

கல்வெட்டுகளின் மைப்படிகள் எழுத்தைக் காப்பாற்றும். மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் ஆணையிட்டது ஆய்வாளருக்கு நற்செய்தி. ஆயினும் மைப்படி, கல்லின் இருப்பிடத்தைக் காட்டாது. ஒரு கல்வெட்டுத் துண்டு கருவறைச் சுவரில் உள்ளதா, பிற்காலத்தில் பெயர்த்துக் கோட்டை மதிலில் வைக்கப்பட்டதா என்பதை மலையில் நின்றே அறிய முடியும். கோயிலிலிருந்து கோட்டைக்குச் சென்ற கற்கள் எவை என்பதை ஒவ்வொன்றாக அளந்து வரைபடத்தில் குறிக்கும் பணியே பெருமுக்கல் ஆய்வில் முதலில் செய்யத்தக்கது.